மலைவீடும் சமையல்கட்டும்

கேள்வி: கோடை விடுமுறைக்கு மலைப்பக்கம் ஒரு வீடு எடுத்து, சமைத்துச் சாப்பிட்டு நாலு நாள் இருக்கலாம் என்கிறார் கணவர். பிள்ளைகள் இரண்டு. வால்பாறையா, கொல்லிமலையா? (ஒரு வாசகி, ஈரோடு)

பதில்: கரண்டி பிடிக்கப்போவது யார் என்று முதலில் எழுதி வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் உங்களுக்கு அது விடுமுறையல்ல, இடமாற்ற உத்தரவு.

வால்பாறை மலைப்பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70. வண்டியில் குமட்டும் பிள்ளைகள் என்றால் பேச்சே இல்லை, வால்பாறை. ஆனால் அது சிறுத்தை நடமாடும் ஊர். இருட்டியபின் பிள்ளைகள் வாசலைத் தாண்டக் கூடாது. இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. தேயிலைப் புதரை ஒட்டிய வீடு படத்தில் அழகு, அவ்வளவுதான்.

மற்றபடி என் ஓட்டு கொல்லிமலைக்கு. காய்கறி மூட்டை வேண்டாம், சோளக்காடு சந்தை இருக்கிறது. வீட்டுக்காரரிடம் ஜன்னலில் என்ன தெரியும் என்று விசாரிக்காதீர்கள்; மலை எங்கும் ஓடிவிடாது. சிலிண்டர் நிறைந்திருக்கிறதா, குக்கருக்கு கேஸ்கட் உண்டா, மிக்ஸி சுற்றுமா என்று கேளுங்கள்.

ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இறங்கும்போது பிள்ளைகள் ஓடுவார்கள், ஏறும்போது சின்னது அப்பா தோளில். அதைக் கடைசி நாளுக்கு வையுங்கள். முதல் நாளே போனால், மறுநாள் அவர் கட்டிலை விட்டு எழமாட்டார்.