வயரிங் மறுப்பியலும் ரப்பர் செருப்பு மரபும்

தமிழகத்துப் பழைய வீடுகளில் வயர்மேன் வந்து பார்த்துவிட்டுப் போனபின் எழுகிற உரை இலக்கியத்தை இதுவரை எவரும் முறையாகத் தொகுக்கவில்லை. மூலநூல் என்னவோ சிறியதுதான். தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில், பென்சிலால் நாலு வரி: ‘எர்த் இல்லை. ஃப்யூஸ் கம்பி தப்பு. கீசருக்கு இந்த வயர் பத்தாது. ஆர்.சி.சி.பி. போடணும்.’ இந்த நாலு வரியை மறுத்து வீட்டுக்காரர்கள் செய்த உரைகள் அறுவகைப்படும்.

முதலாவது தொன்மை மறுப்பு. ‘எங்கப்பா போட்ட வயரிங் தம்பி, தேக்கு ரீப்பர் மேல ஓடுது. இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலையே!’ தேக்கின் தரத்தில் ஆய்வாளருக்கு ஐயமில்லை. ஆனால் அப்பா காலத்தில் அந்த 1/18 வயர் சுமந்தது நாலு குண்டு பல்பு, ஒரு ஃபேன், ஒரு ரேடியோ. இன்று அதில் மாட்டியிருக்கும் 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் ஒன்பது ஆம்பியர் வரை இழுக்கிறது.

நிற மறுப்பு: பச்சை வயரில் ஃபேஸ் ஓடினால், ‘அன்னைக்குக் கடையில அதுதான் இருந்துச்சு’ என்பது விடை.

செலவு மறுப்பு மற்ற ஐந்துக்கும் வேர் என்பதால் எந்த உரைகாரரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை.

ஃப்யூஸ் மறுப்பில் ஒரு பெருமிதம் உண்டு. வயரிலிருந்து உருவிய செம்பு இழைகளை முறுக்கிக் கட்டையில் போட்டவர், ‘இப்பல்லாம் ஃப்யூஸே போறதில்லை’ என்பார். எம்.சி.பி. வந்த வீடுகளில் இதன் புதுப்பாடம், ‘16 அடிக்கடி விழுது, 32 போட்டுடு.’ எம்.சி.பி. முதலில் காப்பது கீசரை அல்ல, சுவருக்குள் போகும் வயரை. 32 போட்டால் அது விழாது, வயர் சூடேறும்.

எர்த் மறுப்புக்கு வருவோம். இத்துறையின் உச்சம் இதுவே. ஃபிரிட்ஜ் கைப்பிடியைத் தொட்டால் சுர்ரென்கிறது. வயர்மேன் டெஸ்டரை வைக்கிறார். உள்ளே ஆரஞ்சு நிறத்தில் எரிகிறது. ‘எர்த்தே இல்லை சார்’ என்கிறார். ‘செருப்புப் போட்டுட்டுத் தொட்டா அடிக்கலையே!’ என்கிறார் சார். இந்த ஒற்றை வாக்கியத்தில் பிறந்ததே ரப்பர் செருப்பு மரபு. ஃபிரிட்ஜுக்கு முன்னால் நீலப் பட்டை வைத்த, குதிகால் தேய்ந்த ஒரு ஜோடி நிரந்தரமாகக் கிடக்கும்.

மரபுக்குள் பிளவுகள் ஏராளம். வலது காலுக்கு மட்டும் போதும் என்பது மாமியார் பாடம். இரண்டு காலும் வேண்டும் என்பது மருமகள் பாடம் (ஈரக்கைப் படலம், புறங்கையால் தள்ளு சருக்கம்). இவ்விரண்டையும் மாடிக் குடித்தனக்காரர் உரை மறுக்கிறது. அவ்வுரையோ, அட்வான்ஸ் திரும்பி வராத கோபத்தில் எழுந்த இடைச்செருகல் என்று வீட்டுக்காரர் பாடம் (திருத்திய பதிப்பு, ஆடி மாதம், வாசற்படி வாய்மொழிப் பிரிவு, குரல் உயர்ந்த பின்) சாதிக்கிறது. மீட்டர் வைத்து அளந்தவர் யாருமில்லை. சுவடிக்கட்டைப் பிரிக்காமலே பாடபேதம் தீர்த்துவைக்கும் பேராசிரியர்கள் உலவும் நாட்டில் இதைக் குற்றமாகச் சொல்ல முடியாது.

செருப்போடு நின்று டெஸ்டரை வைத்தால் விளக்கு மங்கும். அதை ‘கரண்ட் குறைஞ்சிடுச்சு’ என்று வாசித்ததே இம்மரபின் தலையாய கண்டுபிடிப்பு. டெஸ்டர் எரிவது, பிடித்திருப்பவர் உடம்பு வழியாக மிகச் சிறிய கரண்ட் தரைக்குப் போவதால். செருப்பு அந்த வழியைத்தான் அடைக்கிறது. ஃபிரிட்ஜின் தகரத்தில் ஏறிய வோல்டேஜ் ஏறியபடியே இருக்கிறது, வெறுங்காலோடு தண்ணீர் எடுக்க வரும் குழந்தைக்காக.

‘வீடு கட்டும்போதே எர்த் போட்டாச்சு’ என்பாரும் உளர். இந்தியத் தரநிலை 3043 பைப் எர்த்துக்குக் குறைந்தது இரண்டரை மீட்டர் நீளம் கேட்கிறது. வழக்கப்படி சுற்றிலும் கரியும் உப்பும் போட்டு, கோடையில் தண்ணீர் ஊற்றி வரவேண்டும். போர்டிகோவுக்கு டைல்ஸ் ஒட்டியவர்கள் குழியின் வாயையும் சேர்த்து மூடிவிட்டதால், அகழாய்வு இன்றி இக்கூற்றை நிறுவ இயலாது.

கடைசி, ஆர்.சி.சி.பி. மறுப்பு. ‘மாட்டின நாள்லேருந்து கரண்ட் போயிட்டே இருக்கு, பீஸ் சரியில்லை.’ 30 மில்லி ஆம்பியர் கசிவதற்குள் விழுவதே அதற்கு இட்ட வேலை. ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பு இழுப்பதே ஏறக்குறைய 40; அவ்வளவு கரண்ட் நெஞ்சுக்குக் குறுக்கே ஓடினால் ஆள் போகலாம். கீசர் காயில் கசிகிறதா, நியூட்ரலும் எர்த்தும் எங்காவது ஒட்டியிருக்கிறதா என்று தேடாமல், சொன்னவனைத் தண்டிக்கும் முறைப்படி அதை ஒரு துண்டு வயரால் தாண்டிவிடுகிறார்கள். போர்டில் அது அலங்காரமாக நிற்கிறது.

உரைகாரர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆர்.சி.சி.பி.யின் முகத்தில் ‘டெஸ்ட்’ பொத்தான் ஒன்று உண்டு. எர்த் இல்லாத வீட்டிலும் அது வேலை செய்யும். இன்றைக்கு ஒருமுறை அழுத்திப் பாருங்கள். கரண்ட் போகவில்லையென்றால் உடனே மாற்றச் சொல்லுங்கள், வயர்மேன் கேட்கும் கூலிக்கே.