விளம்பரத்துக்கு மசியாதவர்

பெங்களூர் பசவனகுடியிலும் ஜயநகரிலும், வங்கியிலோ மத்திய சர்க்கார் தொழிற்சாலையிலோ முப்பத்தைந்து வருஷம் உழைத்து ஓய்வு பெற்று, முழங்கால் வலியையும் சுவரை அடைக்கும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியையும் ஏககாலத்தில் சம்பாதித்துக்கொண்ட தமிழ்ப் பெரியவர் தெருவுக்கு ஒருவராவது இருப்பார். இரவுச் செய்திகளுக்கு நடுவே வலித் தைலத்தின் விளம்பரம் வந்ததும் அவர் வதனத்தில் அரும்பும் மந்தஹாசம் இருக்கிறதே, அதைப் பார்க்கவே நான் அடிக்கடி அவர் வீட்டுக்குப் போவதுண்டு.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகிய மாது, தைலம் பட்ட மாத்திரத்தில் எழுந்து கல்யாண வீட்டில் நர்த்தனம் ஆடுகிறாள். “முட்டி வலிக்காரன் எங்க போனாலும் முதல்ல நாற்காலி எங்கேன்னு தேடுவான் சார், இந்தம்மா கேமரா எங்கேன்னு தேடுறா” என்பார் பெரியவர். அடுத்து வெள்ளைக் கோட்டு அணிந்த ஒருவர் வருவார். அவருடைய உதடு ஹிந்தி பேசும், குரல் தமிழ் பேசும். அடியில் எறும்பு ஊர்வதுபோல் ஓடும் பொடி எழுத்துகளில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெட்டியருகே போவதற்குள், அவை மறைந்துவிடும். “வாசிக்க முடியாதபடி எழுதுறவன் வாசிக்க வேண்டாம்னுதான் எழுதுறான்.”

சட்டமும் அவருக்கு அத்துப்படி. நீரிழிவைக் குணப்படுத்துவோம் என்று மருந்தை விளம்பரம் செய்வதை 1954-ஆம் வருஷத்துச் சட்டமே தடுக்கிறது என்பார். பதஞ்சலி கம்பெனி தன் விளம்பரங்களுக்காகப் பத்திரிகைகளில் வெளியிட்ட மன்னிப்பு, அந்த விளம்பரங்களின் அளவுக்குப் பெரிதாக இருந்ததா என்று 2024 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு கேட்டதே, அந்தச் செய்தியைக் கத்தரித்துப் பஞ்சாங்கத்துக்குள் பத்திரப்படுத்தியிருக்கிறார்.

இத்தனை விவேகமும் விடியற்காலையில் லால்பாக் பூங்கா வாசலோடு நின்றுவிடுகிறது. முந்நூறு கோடி வருஷத்துப் பழமையுடையதென்று சொல்லப்படும் அங்குள்ள பாறையின் அடிவாரத்து பெஞ்சில், கம்பளிக் குல்லாய் தரித்த ஒரு கன்னடக்காரர், “எண்ணெ ஹச்சி, பிசிநீரு ஹாகி, ஸ்வாமி” என்று ஒரு தைலத்தின் பெயரைச் சொன்னால், எண்ணெய் தடவி வெந்நீர் ஊற்றும் அந்த வைத்தியத்துக்கு நம் பெரியவர் அத்தாட்சி கேட்பதில்லை, பட்டம் கேட்பதில்லை, வீடு திரும்பும் வழியிலேயே இரண்டு சீசா வாங்கிவிடுகிறார். போதாக்குறைக்கு, பூங்கா வாசலில் விற்கும் பாகற்காய்ச் சாற்றையும், கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஒரே மடக்கில் குடிக்கிறார்.

“டிவிக்காரனை நம்பாதவர் இவரை எப்படி நம்பினீர்கள்?” என்று கேட்டேன்.

“போன மாசம் நொண்டினார். இன்னிக்குப் பாறை ஏறினார். நான் பார்த்தேனே!”

மருந்துக் கம்பெனிக்காரர்களுக்கு என் விக்ஞாபனம் இதுதான்: நடிகையை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, உண்மையாகவே நொண்டும் கிழவர் ஒருவரைப் பிடித்து லால்பாக்குக்கு அனுப்புங்கள். சீக்கிரமாக அனுப்புங்கள், ஏழு மணிக்கு மேல் பெஞ்சில் இடம் கிடைக்காது.