சிங்க் அண்ணன்

தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர் எதுவானாலும் அதில் ஒரு சிங்க் அண்ணன் இருப்பார். ஆரம்பாக்கத்தில் நிச்சயம் இருப்பார். பகலில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஏதோ ஓர் ஆலையில் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன். ஷிப்ட் முடிந்து வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் மொட்டை மாடி ஷெட்டுக்கு ஏறிவிடுவார். அங்கே அவர் கையாலேயே கட்டிய கம்ப்யூட்டர் இருக்கிறது. மூளை, 1976இல் வந்த இசட்-80 சிப். உடம்பு, பிரெட்போர்டு. நரம்பு, நாலு நிறத்தில் ஒயர்.

அதில் கணக்குப் போடுவாரா, கடிதம் அடிப்பாரா என்று கேட்டுவிடாதீர்கள். திரையில் 'ரெடி' என்று ஒரே ஒரு சொல்லைக் காட்டுவதுதான் அதன் மொத்த உத்தியோகம். அந்தச் சொல் ஆடாமல், உருளாமல், சாயாமல் நிற்க வேண்டும். அண்ணன் அதற்காகத்தான் உயிர் வாழ்கிறார்.

இந்த நோய் சின்ன வயதிலேயே தொற்றியது. சென்னையில் தூர்தர்ஷன் 1975இல் தொடங்கியது. ஆந்திர எல்லையோரத்து ஆரம்பாக்கத்துக்கு அந்தப் படம் வந்து சேர உயரமான கம்பமும் பூஸ்டரும் வேண்டும். வெள்ளிக்கிழமை ராத்திரி 'ஒளியும் ஒலியும்' ஓடும்போது படம் மேலிருந்து கீழே உருளும். உடனே, "டேய், பின்னாடி போய்த் திருகுடா!" என்று குரல் வரும். வி-ஹோல்ட் திருகைப் பிடித்தபடி பெட்டிக்குப் பின்னால் நின்ற பையன், எல்லாப் பாட்டையும் கேட்டான், ஒன்றையும் பார்க்கவில்லை. இன்றைக்கும் அவர் சினிமா பார்க்க உட்கார்ந்தால் கதாநாயகி முகத்தைவிடத் திரையின் ஓரத்தைத்தான் கவனிக்கிறார்.

சிங்க் என்றால் என்ன என்று கேட்டவரை அவர் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. "தம்பி, இது நம்ம ஃபேக்டரி சைரன் மாதிரிதான். ஒரு வரி வரைஞ்சு முடிஞ்சா சின்ன சைரன். புள்ளி இடப்பக்கம் ஓடிப் போய் அடுத்த வரிக்கு நிக்கணும். பக்கம் முடிஞ்சா பெரிய சைரன். மேலே போய் முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். சின்ன சைரன் கோளாறுன்னா படம் கோணலா கிழியும். பெரிய சைரன் கோளாறுன்னா உருளும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்றால் அவருக்கு இனிமேல்தான் ஆரம்பம். நம் ஊர் டிவியின் பால் (PAL) முறையில் ஒரு வரிக்கு 64 மைக்ரோ செகண்ட். வினாடிக்கு 15,625 வரி. சிங்க் துடிப்பின் அகலம் 4.7 மைக்ரோ செகண்ட். ஒரு வோல்ட் சிக்னலில் சிங்கின் பங்கு 0.3 வோல்ட். கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தால், ரசம் வருவதற்குள் கேபிளின் 75 ஓம் வரை வந்துவிடுவார்.

எல்லைக்கு அந்தப் பக்கம் தடாவிலிருந்து தெலுங்கு பேசும் ஒரு கல்லூரிப் பையன், தான் கட்டிய விஜிஏ சர்க்யூட்டை அட்டைப்பெட்டியில் தூக்கிக்கொண்டு வந்தான்.

"அன்னா, பொம்ம ராவட்லேது. அவுட் ஆஃப் ரேஞ்சுன்னு வருது."

"பொம்மை எங்கே போயிடும்? கிரிஸ்டல் என்ன போட்டிருக்கே?"

"25 மெகாஹெர்ட்ஸ்ண்ணா. புக்குல 25.175ன்னு போட்டிருக்கு. ரிச்சி தெருவுல கெடைக்கல."

"அதை மானிட்டர் மன்னிச்சிடும். வரிக்கு எத்தனை எண்ணுறே?"

"640."

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். தெரிகிற புள்ளி 640தான். ஆனால் புள்ளி திரும்பி ஓடுகிற நேரத்தையும் சேர்த்து 800 எண்ண வேண்டும். அதேபோல் 480 வரிக்கு 525. "சாப்பாட்டு நேரத்தை ஷிப்ட்டுல இருந்து வெட்டிட்டியேடா!" என்றார். கவுன்ட்டரை மாற்றியதும் படம் வந்தது. ஆனால் மேலும் கீழும் இழுபட்டு, நீண்டு வந்தது. இரண்டு சிங்க்கும் நெகட்டிவாக இருந்தால்தான் மானிட்டர் அதை 480 வரி என்று புரிந்துகொள்ளும். பையன் செங்குத்து சிங்க்கை பாசிட்டிவாக விட்டிருந்தான். மானிட்டர் 400 வரி என்று நினைத்துவிட்டது. ஒரு இன்வெர்ட்டரில் தீர்ந்தது விவகாரம். பையன் காலில் விழப் போனான். "அதெல்லாம் வேண்டாம். ஒவ்வொரு சிப்புக்கும் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போடு, அது போதும்" என்று ஆசீர்வதித்தார்.

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பும் நாளில் ஊரே மொட்டை மாடியில் நின்று வானத்தைப் பார்க்கும். அதே மாடியில் நிற்கிற அண்ணன் மட்டும் ஷெட்டுக்குள் ஆஸிலோஸ்கோப்பைப் பார்ப்பார். ராக்கெட்டின் கவுன்ட்டவுன் ஒரே ஒரு தடவை பூஜ்யத்துக்கு இறங்கும். இவருடைய கவுன்ட்டர் பூஜ்யத்திலிருந்து 799க்கு வினாடிக்கு 31,000 தடவைக்கு மேல் ஏற வேண்டும். எது கஷ்டம் என்று அவரிடம் வாதாடி ஜெயித்தவர் இல்லை.

புது எல்இடி டிவியை அவர் மனிதர்களில் சேர்ப்பதில்லை. பழைய கம்ப்யூட்டர் தருகிற 312 வரிப் படத்தைப் பார்த்தால் சில டிவிகள் நீலத் திரையைக் காட்டி 'நோ சிக்னல்' என்று கதவைச் சாத்திவிடும். அவர் நம்புவது 2006இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் வந்த 14 அங்குல இலவசக் கலர் டிவியைத்தான். ஊரில் அது பரணுக்குப் போய், பரணிலிருந்து பழைய இரும்புக் கடைக்குப் போகிறது. அண்ணன் கடைக்காரரை வழியிலேயே மடக்கி, அதே எடைக்கு வாங்கிவிடுவார். "இது குத்தம் குறை பாக்காது. வரி கொஞ்சம் முன்னே பின்னே வந்தாலும் அனுசரிச்சுப் போகும். இப்ப மனுஷங்ககிட்டயே அந்தக் குணம் இல்ல."

ஒருமுறை விஜிஏ குழாய் மானிட்டரில் படம் ஜெல்லியாக நடுங்கியது. அண்ணன் பேட்டையின் உருக்கு உலைகளைத் திட்டினார். எர்த் குழியில் உப்பும் கரியும் கொட்டித் தண்ணீர் ஊற்றினார். வீட்டு ஒயரிங்கை மறுபடி இழுத்தார். கடைசியில் அண்ணி விளக்குமாற்றோடு மேலே வந்தார். "ஏங்க, இந்த ஸ்டெபிலைசரை நடுவுல வச்சா எப்படிப் பெருக்கறது?" என்று அதை மூலைக்குத் தள்ளினார். நடுக்கம் நின்றது. ஸ்டெபிலைசர் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் 50 ஹெர்ட்ஸ். திரை 60 ஹெர்ட்ஸ். வித்தியாசமான பத்துதான் வினாடிக்குப் பத்து ஆட்டமாக ஆடியிருக்கிறது. அண்ணன் அன்றிரவு அந்தக் கணக்கைத் தானே கண்டுபிடித்ததாக எல்லோருக்கும் விளக்கினார். அண்ணி மறுக்கவில்லை, தரை சுத்தமாகியிருந்தது.

ஆகவே வாசகர்களே, உங்கள் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரின் படம் ஆடினால் முதலில் எர்த்தையும் கேபிளையும் பாருங்கள். பக்கத்தில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரை நகர்த்துங்கள். பிறகு வரிக் கணக்கு, அதன்பின் சிங்க்கின் துருவம். பிக்சர் டியூப் பெட்டியின் முதுகை மட்டும் நீங்களாகத் திறக்காதீர்கள்; கலர் டியூபில் 20,000 வோல்ட்டுக்கு மேலும் இருக்கும், ஸ்விட்சை அணைத்த பிறகும் மிச்சம் நிற்கும். அதற்குத்தான் அண்ணன் இருக்கிறார். கூலி வாங்கமாட்டார். ஆனால் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். அவர் விளக்கி முடிக்க இரண்டு ஷிப்ட் ஆகும்.