கிழிக்காமல் கிழிக்கும் பெட்டி

கேள்வி (வாசகர், வல்லக்கோட்டை): சிடியை ‘ரிப்’ செய்வது என்கிறார்களே, அது என்ன கிழிப்பு? ஆளில்லாமல் நடக்குமா?

பதில்: தகட்டில் உள்ள ஒலியையோ படத்தையோ டிஜிட்டல் வடிவிலேயே படித்துக் கணினிக் கோப்பாக எழுதி வைப்பதற்குப் பெயர்தான் அது, தகட்டில் ஒரு கீறலும் புதிதாக விழுவதில்லை என்பதால், “பெரிதாக என்ன கிழித்துவிட்டாய்?” என்று வீட்டில் கேட்டால், ஒன்றுமில்லை என்று மனச்சாட்சியோடு சொல்லிவிடலாம். பக்கத்து ஒரகடத்துத் தொழிற்சாலையில் அசெம்பிளி லைனில் நிற்பவருக்கு மீதியை விளக்கத் தேவையே இல்லை, இதுவும் ஒரு லைன்தான். வீட்டு மூலையில் இரவுபகலாக ஓடும் பழைய கணினிதான் சர்வர். அதில் தகடு நுழைந்ததும், சாதனங்களின் வரவைக் கவனிக்கும் லினக்ஸின் யூடெவ் என்னும் வாயிற்காவலர் குரல் கொடுக்க, ஆட்டோமேட்டிக் ரிப்பிங் மெஷின் என்ற இலவச மென்பொருள் வந்திருப்பது பாட்டா படமா என்று பார்த்து, பாட்டானால் ஏபிசிடிஇ என்ற நிரலிடமும், படமானால் மேக்எம்கேவி, ஹேண்ட்பிரேக் ஆகியவற்றிடமும் தள்ளிவிட்டு, வேலை முடிந்ததும் தட்டை வெளியே நீட்டுகிறது. அடுத்த தகட்டை வைக்க மட்டும் ஓர் ஆள் வேண்டும்; நைட் ஷிப்ட் முடிந்து வருபவர் ஒன்றும் காலை ஷிப்டுக்குக் கிளம்புபவர் ஒன்றுமாக வைத்தாலே போதும்.

கேள்வி: பிளேயரில் தடையின்றிப் பாடும் சிடியைச் சர்வரில் போட்டால் மணிக்கணக்கில் முக்குகிறது. பழுது எதில்?

பதில்: தகட்டில். 1982-இல் சோனியும் பிலிப்ஸும் கொண்டுவந்த ஆடியோ சிடியில், ஒலியலையின் உயரம் வினாடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு எண்களாகப் பதிந்திருக்கிறது. கீறலால் சில எண்கள் மீட்க முடியாமல் போனால், பிளேயர் அக்கம்பக்கத்து எண்களைப் பார்த்து நடுவில் ஒன்றை ஊகித்து நிரப்பிவிட்டு, வரன் பேசும் தரகரைப் போல முகம் மாறாமல் மேலே போய்விடும். சர்வரில் தகட்டைப் படிக்கும் சிடிபாரனோயா என்ற நிரலோ தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பிறந்தது. சந்தேகம் வந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்காமல் அது கையெழுத்துப் போடாது.

கேள்வி: திருப்புகழ் சிடியை வைத்தால் ‘டிராக் 01’, ‘டிராக் 02’ என்றே பெயர் விழுகிறது. அருணகிரிநாதர் பாடிய ஊருக்கே இந்தக் கதியா?

பதில்: அருணகிரிநாதர் பாடியது வல்லக்கோட்டைக்குத் தெரியும், தகட்டுக்குத் தெரியாது. பெரும்பாலான ஆடியோ சிடிகளில் பாடலின் பெயரே இருப்பதில்லை. எந்தப் பாட்டு எங்கே தொடங்குகிறது என்பதை, வினாடியை 75 கூறாக்கிக் குறித்த ஓர் அட்டவணை மட்டுமே தகட்டின் தொடக்கத்தில் இருக்கிறது. அந்த எண்களைக் கைரேகை போலக் கொண்டு, ஆர்வலர்கள் கூடி நிரப்பிவரும் மியூசிக்பிரெய்ன்ஸ் போன்ற தரவுத்தளத்தில் சர்வர் தேடுகிறது. அங்கே யாரும் எழுதி வைக்காத தகட்டுக்குப் பெயர் கிடைக்க வழியில்லை. ஒரே சிடியில் இரண்டு படங்களின் பாடல்களை அடைத்து விற்ற தமிழ்நாட்டுச் சிக்கனத்தால், எந்தப் படத்தின் பெயரை ஆல்பத்துக்கு வைப்பது என்ற வழக்கு வேறு. போதாக்குறைக்கு, இளையராஜா என்பதை ரோமன் எழுத்தில் எழுதத் தமிழர்கள் கண்டுபிடித்த வழி ஒவ்வொன்றுக்கும் ஓர் இசையமைப்பாளரைச் சர்வர் தனித்தனியே படைத்து வைத்திருக்கும். லைனில் எத்தனை ரோபோ நின்றாலும் பெயர் சூட்டும் ஸ்டேஷனில் மனிதர்தான் உட்கார வேண்டும்: சிடியின் அட்டையை எடுத்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, தமிழிலேயே தட்டச்சு செய்து, தரவுத்தளத்திலும் ஏற்றிவிட்டால், அதே தகட்டை வைக்கும் அடுத்தவருக்கு அந்த வேலை மிச்சம்.

கேள்வி: 28 ரூபாய்க்கு வாங்கிய பட விசிடிகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. அவையும் ஏறுமா?

பதில்: 2007 வாக்கில் மோசர் பேர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்றுத் திருட்டுத் தகட்டு விலையோடு மோதிய காலத்துச் சொத்து அது, நிறுவனமே 2018-இல் கலைப்புக்குப் போய்விட்டது. ஏறும், ஆனால் தானாக அல்ல. ஆட்டோமேட்டிக் ரிப்பிங் மெஷின் விசிடியைப் படத் தகடாகக் கணக்கில் எடுப்பதில்லை என்பதால், விசிடிஇமேஜர் என்ற தனிக் கருவியைக் கையால் இயக்க வேண்டும். சாதாரணத் தரவுத் தகட்டில் பிழை திருத்தத்துக்கு ஒதுக்கும் இடத்தையும் விசிடி படத்துக்கே எடுத்துக்கொள்வதால், சின்னக் கீறலுக்கும் கதாநாயகனின் முகம் கட்டங்கட்டமாக உடையும். ஒரு தகட்டில் 74 நிமிடமே அடங்குவதால் ஒரு படத்துக்கு இரண்டு மூன்று தகடுகள் வேறு. இரண்டாம் தகடு தொலைந்த வீடுகளில் கிளைமாக்ஸ் இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது.

கேள்வி: இதற்காகப் போலீஸ் வருமா?

பதில்: சொந்தப் பயன்பாட்டுக்கான நியாயமான கையாளுகையைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது, 2012-இல் சேர்ந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பாதுகாப்புப் பூட்டை உடைப்பவருக்கு 2 ஆண்டு வரை சிறை என்கிறது. மெமரி கார்டில் படம் ஏற்றித் தரும் கடை வைத்தால் நிலைமை வேறு.

கேள்வி: கரண்ட் பில்?

பதில்: 15 வாட் இழுக்கும் பழைய மடிக்கணினி இரண்டு மாதம் நிற்காமல் ஓடினால் ஏறத்தாழ 22 யூனிட், அது மட்டும் என்றால் மின்வாரியத்தின் இலவச யூனிட்டுக்குள் அடங்கிவிடும், வாடகை வீடானால் வீட்டுக்காரரின் கணக்கில் அடங்காது.