ஜன்னல் வழியே ஆட்சி மாற்றம்

பிராக் நகரத்தில் மழை இல்லாத நாளிலும் குடை விரிந்திருக்கும். காலையில் பழைய நகரச் சதுக்கத்துக்குப் போனால் மஞ்சள், சிவப்பு, நீலம் என்று வரிசையாகக் குடைகள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு வழிகாட்டி. ஆங்கிலமா, ஸ்பானிஷா, ஜெர்மனா, மொழிக்கு ஒரு குடை. செக் மொழியில் வணக்கம் சொல்லக்கூடத் தெரியாமல் இந்த ஊரின் ஆயிரம் ஆண்டுச் சண்டையையும் கேட்டுவிட்டுப் போகலாம். கட்டணம் இல்லை என்று பலகை சொல்லும். நடந்து முடித்த பிறகு வழிகாட்டி ஒரு பார்வை பார்ப்பார். கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும். ஆகவே கதை சுவையாக இருந்தே தீரவேண்டும். ஆவணம் சப்பென்றிருந்தால் ஆவணம்தான் விட்டுக்கொடுக்க வேண்டும்.

நல்லவேளையாக இந்த ஊரின் வரலாறே வழிகாட்டிகளின் நலன் கருதி நடந்தது போலிருக்கிறது. பிற ஊர்களில் ஆள்பவரைப் பிடிக்காவிட்டால் விஷம் வைத்தார்கள், கூலிப்படை சேர்த்தார்கள். இங்கே ஜன்னலைத் திறந்தார்கள். நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை இத்தனை சிக்கனமாக நிறைவேற்றிய ஊர் வேறு இல்லை. நியூட்டன் பிறப்பதற்கு முன்பே 1419, 1483, 1618 என்று மூன்று தடவை புவியீர்ப்பைச் செய்முறையில் நிரூபித்தவர்கள் இவர்கள்.

நடை கடிகாரத்தடியில் தொடங்கும். நகரமன்றக் கோபுரத்தில் 1410-இல் வைத்த வானியல் கடிகாரம், பழுதும் மராமத்துமாக இன்னும் ஓடுகிறது. மணிக்கு ஒரு தரம் எலும்புக்கூடு கயிற்றை இழுக்கும், மேலே இரண்டு சின்ன ஜன்னல்கள் திறக்கும், இயேசுவின் பன்னிரண்டு திருத்தூதர்களும் எட்டிப் பார்த்துவிட்டு நகர்வார்கள், சேவல் கூவும். அவ்வளவுதான், ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். ஆனாலும் கூட்டம் கைப்பேசியை உயர்த்திப் பிடித்து அண்ணாந்து நிற்கும். அந்த நேரத்தில் கீழே சிலருடைய பைகளின் எடை குறையும். பிராக்கில் ஜன்னல்வரை வந்து முழுசாகத் திரும்பியவர்கள் என்றால் இந்தப் பன்னிரண்டு பேரைத்தான் சொல்லவேண்டும்.

அதில் மணி பார்க்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். சூரியன் மறைந்ததிலிருந்து எண்ணும் பழைய போஹீமிய நேரம் ஒரு வளையத்தில், பகலின் நீளத்துக்கேற்பச் சுருங்கி விரியும் நேரம் வேறொரு கோட்டில், கூடவே சூரியனும் சந்திரனும் எந்த ராசியில் என்ற விவரம். ஜாதகம் கணிக்கலாம், பஸ்ஸைப் பிடிக்க முடியாது.

இதைச் செய்தவர் ஹனுஷ் என்ற கைவினைஞர், இன்னோர் ஊருக்கும் இதுபோல் செய்து கொடுத்துவிடுவாரோ என்று பயந்து நகரமன்றத்தார் அவர் கண்ணைக் குருடாக்கினார்கள், அவர் தட்டுத்தடுமாறி வந்து இயந்திரத்துக்குள் கையைவிட்டு அதை நிறுத்திப் பழிவாங்கினார். எல்லாக் குடைகளும் இதைச் சொல்லும். தாஜ்மகாலைக் கட்டியவர்களின் கையை வெட்டினார்கள் என்று நாம் சொல்வதும் இதே அச்சில் வார்த்ததுதான். உலகம் முழுக்க அரசாங்கங்கள் ஒப்பந்தக்காரருக்குப் பாக்கி வைத்ததற்குத்தான் சான்று உண்டு. கண்ணைப் பிடுங்குமளவுக்கு அக்கறை எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. 20-ஆம் நூற்றாண்டில் கிடைத்த பழைய ஏட்டின்படி கடிகாரத்தைச் செய்தவர் கடான் ஊர் மிக்குலாஷ். கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால்தான் அவரை யாரும் நினைவு வைத்துக்கொள்ளவில்லை.

சதுக்கத்தின் மறுபக்கம் கூம்புக் கோபுரங்களோடு நிற்பது டீன் தேவாலயம். உள்ளே டைக்கோ பிராஹே கிடக்கிறார். தொலைநோக்கி இல்லாத காலத்தில் வெறுங்கண்ணால் கிரகங்களை அளந்த டென்மார்க்காரர், பேரரசர் இரண்டாம் ருடால்ஃபின் அரண்மனை வானியலாளர். இருபது வயதில் உறவுக்காரரோடு வாள்சண்டை போட்டு மூக்கைப் பறிகொடுத்தவர். கணக்கில் யார் கெட்டிக்காரர் என்பதுதான் தகராறு என்பார்கள். 1601 அக்டோபர் 13-ஆம் தேதி ஒரு பிரபு வீட்டு விருந்துக்குப் போனார். விருந்தளிப்பவர் எழுவதற்குமுன் எழுவது அநாகரிகம் என்று சிறுநீரை அடக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். வீடு திரும்பியபின் அது வர மறுத்துவிட்டது. பதினோரு நாள் அவஸ்தைப்பட்டுப் போய்ச் சேர்ந்தார். கோள்களின் பாதையை அவர் குறித்துவைத்த ஏடுகள் உதவியாளர் கெப்ளர் கையில் சிக்கியதால், கெப்ளர்தான் பாதரசம் வைத்துவிட்டார் என்று பின்னாளில் புரளி கிளம்பியது. 2010-இல் கல்லறையைத் திறந்து சோதித்தார்கள். கொல்லுமளவுக்குப் பாதரசம் இல்லை. ஆனால் வெள்ளியாலானது என்று ஊரே நம்பிய செயற்கை மூக்கு பித்தளை என்று தெரிந்துபோனது. செத்து நானூறு வருஷம் கழித்தும் மனிதருக்கு இந்த அவமானம் தேவைதானா?

அவருடைய இறுதிச்சடங்கில் உரையாற்றியவர் யெசெனியுஸ் என்ற மருத்துவர். அதற்கு முந்தைய வருஷம் பிராக்கில் பொதுமக்கள் முன்னிலையில் பிணத்தை அறுத்துப் பாடம் நடத்தியவர். இருபது வருஷத்தில் அவர் முறையும் வந்தது. சதுக்கத்துத் தரையில் 27 வெள்ளைச் சிலுவைகள் பதித்திருக்கிறார்கள். 1621 ஜூன் 21 அன்று பேரரசருக்கு எதிராகக் கிளம்பிய 27 பேரை இங்கே கொன்றார்கள். யெசெனியுஸ் நன்றாகப் பேசுகிறவர் என்பதால் முதலில் நாக்கு, பிறகுதான் தலை. பன்னிரண்டு தலைகளைப் பாலத்துக் கோபுரத்தில் கூடைகளில் தொங்கவிட்டுப் பத்து வருஷம் ஊருக்குக் காட்சி வைத்தார்கள். எதற்காகக் கிளம்பினார்கள் என்று கேட்டால் வழிகாட்டி, “அது மேலே, கோட்டையில்” என்பார். நடைச் சுற்றுலாவில் இதுதான் வம்பு. தலை போனதை முதலில் பார்க்கிறோம். தலை ஏன் போனது என்பதற்கு ஆற்றைத் தாண்டி மலையேற வேண்டும்.

போகிற வழியெல்லாம் சூடான சர்க்கரைச் சுருள் ரொட்டி விற்கிறது. பெயர் திர்தெல்னீக். ‘பழைய போஹீமியப் பாரம்பரியம்’ என்று எழுதிவைத்திருக்கிறார்கள். ஸ்லோவாக்கியா பக்கத்துப் பண்டம் அது. சுற்றுலாப் பயணிகள் பெருகிய பிறகுதான் இங்கே பாரம்பரியமானது. ஊர்க்கார முதியவர்கள் அதைத் தலைகுனிந்து கடந்துபோகிறார்கள்.

பாலத்துக்கு வருவோம். 1342 வெள்ளத்தில் பழைய பாலம் போய்விட்டது. நான்காம் சார்லஸ் புதுப்பாலத்துக்கு அடிக்கல் நாட்ட முகூர்த்தம் பார்த்தார். 1357, 9-ஆம் தேதி, 7-ஆம் மாதம், அதிகாலை 5.31. வரிசையாக எழுதினால் 1-3-5-7-9-7-5-3-1. ஏறி இறங்கும் ஒற்றைப்படை எண்கள். கேட்பவர்கள் ஆகா என்பார்கள். நான் கேட்பது ஒன்றுதான்: ஊருக்கே பெரிய கடிகாரம் வருவதற்கு இன்னும் 53 வருஷம் இருந்தது, அந்த 31-ஆவது நிமிடத்தை அன்றைக்கு எண்ணியவர் யார்?

சார்லஸ் சாமானியர் இல்லை. 1348-இல் பல்கலைக்கழகம் ஆரம்பித்தார். அதே வருஷம் ஒரு புதிய நகரத்தையே பக்கத்தில் ஆரம்பித்தார். (அவர் பெயரிலுள்ள அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் கமில் சுவெலபில் தமிழ் கற்பித்தார், 1968-இல் சோவியத் டாங்கிகள் வந்தபிறகு நாட்டைவிட்டுப் போனார். எந்தக் குடையும் இதைச் சொல்வதில்லை, அதனால் நான் சொல்லிவைக்கிறேன்.) பாலத்துச் சாந்தில் கலக்க நாடெங்கிலுமிருந்து முட்டை அனுப்பச் சொன்னாராம் சார்லஸ். வெல்வாரி ஊர்க்காரர்கள் வழியில் உடைந்துவிடக் கூடாதே என்று அவித்து அனுப்பினார்கள். அரசு உத்தரவை ஒரு எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றிய அந்த ஊரை ஆறு நூற்றாண்டாகக் கேலி செய்கிறார்கள். சுற்றறிக்கையில் ‘பச்சை முட்டை’ என்று போடாதது யார் குற்றம்?

பெரிய அப்பாவுக்கு வழக்கமாக வாய்க்கும் பிள்ளை சார்லஸுக்கும் வாய்த்தது. வென்சஸ்லாஸ் நான்காமவர், குடிப்பதில் மட்டும் கடமை தவறாதவர். 1393-இல் யான் நெபோமுக் என்ற குருவை இந்தப் பாலத்திலிருந்து ஆற்றில் போடச் செய்தார். ராணி பாவமன்னிப்புக் கேட்டபோது சொன்ன ரகசியத்தை ராஜா கேட்டார், குரு சொல்ல மறுத்தார், வல்தாவா ஆற்றில் விழுந்த இடத்தில் ஐந்து நட்சத்திரங்கள் தோன்றின என்பது குடைக்கதை. ஏட்டுக்கதை இத்தனை ரசமானதல்ல: ஒரு மடத்துக்குத் தலைவரை நியமிக்கும் உரிமை யாருக்கு என்று ராஜாவுக்கும் பேராயருக்கும் தகராறு, பேராயர் தப்பிவிட்டார், அவர் கையாள் அகப்பட்டார். சொத்துத் தகராறில் செத்தவருக்கு யார் மெழுகுவத்தி ஏற்றுவார்கள்? 1719-இல் கல்லறையைத் திறந்தபோது ரகசியம் காத்த நாக்கு அழுகாமல் இருக்கக் கண்டார்கள். பத்து வருஷத்தில் புனிதர் பட்டம். 1970-களில் ஆராய்ந்து பார்த்ததில் அது நாக்கே இல்லை, மூளைத் திசு. ரகசியம் காக்க மூளையும்தான் வேண்டும், அதனால் யாரும் பட்டத்தைத் திருப்பிக் கேட்கவில்லை.

அவர் சிலையடியில் இரண்டு வெண்கலப் பலகைகள். அவரைத் தள்ளிவிடும் காட்சியைத் தொட்டால் மறுபடி பிராக்குக்கு வருவீர்கள் என்பது ஐதீகம். பக்கத்துப் பலகையில் ஒரு வீரன் நாயைத் தடவிக்கொண்டிருக்கிறான். எதற்கும் இருக்கட்டும் என்று அந்த நாயையும் தடவித் தடவி ஜனங்கள் தங்கமாக்கிவிட்டார்கள். நாய்க்கும் நெபோமுக்குக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

வென்சஸ்லாஸ் ஒரு குருவைத் தள்ளினார். 1419-இல் வேறொரு குரு கணக்கைத் தீர்த்தார். சீர்திருத்தம் பேசிய யான் ஹுஸை 1415-இல் எரித்ததிலிருந்து ஊர் கொதித்துக்கொண்டிருந்தது. ஜூலை 30 அன்று யான் ஜெலிவ்ஸ்கி ஊர்வலமாக வந்து, சிறையிலிருக்கும் தம் ஆட்களை விடச் சொன்னார். புதிய நகரத்து மன்ற ஜன்னலிலிருந்து ஒரு கல் வந்தது என்றார்கள். கூட்டம் படியேறியது, மன்றத்தார் படியை உபயோகிக்காமலே இறங்கினார்கள். கீழே ஈட்டிகள் காத்திருந்தன. சேதி கேட்டு ராஜாவுக்கு ஆத்திரம் தலைக்கேறி மூன்றே வாரத்தில் மண்டையைப் போட்டார். 1948 மார்ச்சிலும் ஒரு ஜன்னல் உண்டு: கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்த மறுமாதம் வெளியுறவு அமைச்சர் யான் மசாரிக் தம் அமைச்சகத்து ஜன்னலுக்குக் கீழே இறந்து கிடந்தார். அதைச் சொல்லும்போது வழிகாட்டிகள் சிரிப்பதில்லை.

கடைசியில் கோட்டை. பழைய அரண்மனையில் ஓர் அறை. அதில் அந்த ஜன்னல். புராட்டஸ்டண்டுகளுக்கு வழிபாட்டுச் சுதந்திரம் கொடுத்து 1609-இல் ருடால்ஃப் கையெழுத்துப் போட்டிருந்தார். அடுத்து வந்தவர்களின் ஆட்கள் தேவாலயங்களைப் பூட்டினார்கள், இடித்தார்கள். 1618 மே 23 அன்று பிரபுக்கள் கும்பலாக வந்து, பேரரசரின் ஆளுநர்கள் ஸ்லாவாட்டா, மார்ட்டினிட்ஸ் இருவரையும் விசாரித்தார்கள். விசாரணையும் தீர்ப்பும் ஒரே மூச்சில் முடிந்தன. முதலில் மார்ட்டினிட்ஸ். அடுத்து ஸ்லாவாட்டா, அவர் ஜன்னல் கட்டையை விடாமல் பிடிக்க, விரலில் அடித்து விடுவித்தார்கள். கை சும்மா இருக்காமல், குறிப்பெடுக்க வந்த செயலர் ஃபாப்ரிசியுஸையும் தூக்கிப் பின்னாலேயே அனுப்பினார்கள்.

எழுபதடி உயரம் என்பார்கள். மூவரும் பிழைத்தார்கள்! மாதா அங்கியை விரித்துத் தாங்கினாள் என்றது கத்தோலிக்கத் தரப்பு. சாணக்குவியலில் விழுந்தார்கள் என்றது எதிர்த்தரப்பு. சரிவான சுவர், கனத்த உடுப்பு என்று இழுக்கிறார்கள் இன்றைய வரலாற்றாசிரியர்கள். அவர்களுக்கு அன்பளிப்பு நிறைய விழாது. நம்மூரில் குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்போம். இங்கே மீசையில் ஒட்டியது என்ன என்பதற்கு ஒரு கண்டமே இரண்டு பட்டு நின்றது. முப்பது வருஷப் போர். பிராக்குக்கு வெளியே வெள்ளைமலையில் 1620-இல் இரண்டு மணி நேரத்துக்குள் ஜன்னலைத் திறந்த தரப்பு தோற்றது. அதன் ரசீதுதான் சதுக்கத்து 27 சிலுவைகள். 1648-இல் சண்டை ஓய்ந்ததும் இந்த ஊரில்தான்: ஸ்வீடன்காரர்கள் கோட்டையில் புகுந்து ருடால்ஃப் சேர்த்ததையெல்லாம் மூட்டை கட்டினார்கள், ஆற்றைக் கடக்க மட்டும் பாலத்தில் மாணவர்கள் விடவில்லை.

கோட்டைத் தோட்டத்தில், ஆளுநர்கள் விழுந்த இடத்தில் ஆளுக்கொரு கல்தூண் நிற்கிறது. ஸ்லாவாட்டாவுக்கு ஒன்று, மார்ட்டினிட்ஸுக்கு ஒன்று. மூன்றாவது இல்லை. அதே ஜன்னல், அதே உயரம், ஆனால் குமாஸ்தாவுக்குத் தூண் கிடையாது. எசமானர்கள் ஒரு சீமாட்டி வீட்டில் ஒளிந்து காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது, ஃபாப்ரிசியுஸ்தான் வியன்னாவுக்கு ஓடிப் பேரரசரிடம் நடந்ததை அறிக்கை கொடுத்தார். பிற்பாடு அவரையும் பிரபுவாக்கினார்கள். பட்டப்பெயர் ‘ஹோஹென்ஃபால்’, அதாவது உயரத்திலிருந்து விழுந்தவர். சம்பளம் கூட்டிக் கொடுத்தார்களா என்று எங்கள் வழிகாட்டியிடம் கேட்டேன். அவர் குடையை மடக்கிக்கொண்டிருந்தார்.