இன்னும் சாப்பிடாதவன் சாப்பிட்டாகிவிட்டது எப்படி? ஆங்கிலக் காலத் துணைவாக்கியம் குறித்த ஓர் ஆய்வு

லண்டன்காரர் ஒருவரைச் சாப்பாட்டு வேளையில் தொலைபேசியில் கூப்பிட்டால், 'ஐ வில் கால் யூ வென் ஐ ஹேவ் ஈட்டன்' என்பார். ஒரு கவளம்கூட உள்ளே போயிருக்காது. வினைச்சொல்லைக் கேட்டாலோ, அவர் கைகழுவி எழுந்தே விட்டார். இந்தத் தில்லுமுல்லுக்கு இலக்கண உலகம் 'பிரசன்ட் பெர்ஃபெக்ட்' என்று கௌரவமான பெயர் சூட்டியிருக்கிறது.

ஆய்வுக்குரிய முதற் சிக்கல் இது: நடக்கப்போவதைச் சொல்லத்தானே 'வில்' இருக்கிறது? வாக்கியத்தின் முற்பாதியில் அது ராஜாவாக உட்கார்ந்திருக்கிறது. 'வென்', 'ஆஃப்டர்', 'அன்டில்', 'ஆஸ் சூன் ஆஸ்' ஆகியோர் காவல் நிற்கும் பிற்பாதிக்குள் மட்டும் அதற்கு நுழைவு கிடையாது. மீறி நுழைத்தால் ஆசிரியர் சிவப்பு மையில் சுழிப்பார். பிரெஞ்சுக்காரர்கள் இதில் நாணயஸ்தர்கள். முடியப்போகிற காரியத்தை இரு பாதியிலும் எதிர்கால வடிவத்திலேயே சொல்வார்கள். ஆங்கிலக் கால்வாயைத் தாண்டியதும் ஒழுக்கம் மாறிவிடுகிறது.

இரண்டாம் சிக்கல்தான் ருசியானது. 'ஹேவ்' போடாவிட்டால் என்ன குடிமுழுகிவிடும்? 'வென் ஐ ரீட் யுவர் நாவல், ஐ வில் கிரை' என்றால், படிக்கப் படிக்கவே அழுகை என்று கொள்ளலாம். 'வென் ஐ ஹேவ் ரெட்' என்றால் கடைசிப் பக்கம் வரை தாங்கிக்கொண்டு, மூடிவைத்த பிறகு அழுகை. நாவலாசிரியருக்கு எது மேல் என்பது தனி ஆய்வுக்குரியது. 'ஃபினிஷ்', 'அரைவ்' போன்ற வினைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. முடிவு அவற்றின் பொருளிலேயே இருப்பதால் 'ஹேவ்' இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

இதைக் கண்டு தமிழர் மலைப்பது வீண். கொட்டுகிற மழையைப் பார்த்துக்கொண்டே 'மழை விட்டதும் கிளம்பலாம்' என்கிறோம். விடாத மழை, விட்ட மழையாகிவிடுகிறது. யாரும் புகார் சொல்வதில்லை. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்ற காரணங்களால் காலம் பிறழலாம் என்று பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டிலேயே நன்னூலில் அனுமதி கொடுத்துவிட்டார். விரைவுப் பிரிவில் தொல்காப்பியர் அவருக்கும் முந்திக்கொண்டவர். வாசலில் நண்பன் அவசரப்படுத்த, இன்னும் சாப்பாட்டை முடிக்காதவன் 'உண்டேன்' என்று குரல் கொடுப்பதுதான் உரைகாரர்கள் காட்டும் சான்று. ஆக, லண்டன் சாப்பாட்டுப் பிரச்சினை இங்கே எப்போதோ தீர்ந்துபோன வழக்கு. அவர்கள் அதற்கு 'ஹேவ்' என்று ஒரு முட்டுக் கொடுக்கிறார்கள். நாம் இறந்தகாலத்தையே துணிந்து எடுத்துப் போட்டுவிடுகிறோம்.

இந்த அனுமதியைப் பலர் துஷ்பிரயோகம் செய்வதால் ஆய்வாளன் ஒரு தீர்ப்பும் சொல்லியாக வேண்டும். பவணந்தியார் விரைவுப் பிரிவில் சலுகை தந்தது உண்மையிலேயே அவசரப்படுகிறவர்களுக்குத்தான். சமையலறையில் குழாய் பீய்ச்சிக்கொண்டிருக்க, தன் வீட்டுத் திண்ணையில் படுத்தபடி 'இதோ வந்துட்டேன் சார்' என்கிற பிளம்பருக்கு அந்தச் சலுகை செல்லாது. அவர் சொல்வது இலக்கணம் மன்னித்து ஏற்கும் வழுவமைதி அல்ல, வெறும் வழு.