பத்து நாள் பாட்டுடைத் தலைவனே!

சென்னை ஃபைவ்ஸ் அணியே, உன்னைப் புகழ எனக்குத் தகுதி இருக்கிறது. நான் அச்சரப்பாக்கத்துக்காரன், தேர் முறிந்த கதை கேட்டு வளர்ந்தவன். முப்புரம் எரிக்கப் புறப்பட்ட ஈசனின் தேர், பிள்ளையாரைக் கும்பிடாமல் கிளம்பியதால் எங்கள் ஊரில் அச்சு இற்று நின்றதாம். அச்சு இற்ற இடம் அச்சிறுபாக்கம். பேச்சில் தேய்ந்து அச்சரப்பாக்கம். ஈசன் தேரே அவ்வளவுதான் தாங்கியது. நீயோ அச்சே இல்லாமல் பத்து நாள் ஓட்டிக் காட்டினாய்!

என்ன சோடனை, என்ன மேளதாளம்! 2016 ஜூலை 15 அன்று சென்னை பெரியமேடு நேரு உள்விளையாட்டரங்கில், ஐவர் ஆடும் உள்ளரங்கக் கால்பந்தான ஃபுட்சாலுக்காக, நீ ஆடிய பிரீமியர் ஃபுட்சால் என்ற தொழில்முறைப் போட்டி தொடங்கியது. தலைவர் போர்ச்சுகலின் லூயிஸ் ஃபிகோ. விளம்பரத் தூதர் விராட் கோலி. ஏ.ஆர். ரகுமான் இதற்கென்றே ஒரு பாட்டுப் போட்டார். கோலியும் அதில் குரல் கொடுத்தார். கிரிக்கெட் வீரரையே பாட வைத்த கால்பந்து உன்னுடையது. ஒரு விளையாட்டுக்கு என்னவெல்லாம் வேண்டுமோ அதெல்லாம் பிறகு வரட்டும், பாட்டு முதலில் வரட்டும் என்ற முன்யோசனை எத்தனை பேருக்கு வரும்?

ஊருக்கொரு நட்சத்திரம் என்று பங்கு பிரித்தார்கள். கோவாவுக்கு ரொனால்டினோ, மும்பைக்கு ரயன் கிக்ஸ், பெங்களூருக்கு பால் ஸ்கோல்ஸ், கொல்கத்தாவுக்கு எர்னான் கிரெஸ்போ, கொச்சிக்கு மிச்செல் சல்காடோ. இவர்கள் எல்லாரும் பெரிய புல்தரையில் பெயர் வாங்கியவர்கள். உன் பங்குக்கு வந்த பிரேசிலின் ஃபல்காவோ மட்டும்தான் இந்த ஆட்டத்துக்கே உரியவர்; 2008, 2012 ஃபுட்சால் உலகக் கோப்பைகளை வென்ற அணிகளில் ஆடியவர். நீந்தத் தெரிந்தவரை நீச்சல் குளத்துக்கு அழைத்து வந்த ஒரே அணி நீதான். அப்படியும் இறுதி ஆட்டத்தை மும்பைக்கும் கொச்சிக்கும் விட்டுக்கொடுத்தாயே, அந்தப் பெருந்தன்மையை எப்படி மறப்பது!

இந்த ஆட்டத்தின் பிறப்பையும் சொல்ல வேண்டும். 1930-இல் உருகுவேயின் மாண்டிவிடியோ நகரில், உவான் கார்லோஸ் செரியானி என்ற ஒய்.எம்.சி.ஏ. ஆசிரியர் கூடைப்பந்துத் தரையில் அடங்கும்படி கால்பந்தைச் சுருக்கினார். இன்றைய கணக்கில் பக்கத்துக்கு ஐந்து பேர், நாற்பது மீட்டர் நீளம், இருபது மீட்டர் அகலம், அதிகம் துள்ளாத சிறிய பந்து. பெரிய மைதானம் கிடைக்காத பிள்ளைகளுக்கு இதைவிடத் தோதான ஆட்டம் இல்லை. அந்த எளிய ஆட்டத்தை நுழைவுச்சீட்டு, வண்ண விளக்கு, தொலைக்காட்சி என்று நீ எங்கேயோ கொண்டுபோய் வைத்தாய். பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் இருப்பதுதானே பண்டத்துக்கு மதிப்பு? உறியில் வைத்த வெண்ணெய் மாதிரி.

எங்கள் ஊர் டீக்கடையில் உன் ஆட்டம் ஓடிய சாயங்காலம் எனக்கு நினைவிருக்கிறது. ஃபல்காவோ உள்ளங்காலால் பந்தை உருட்டி, எதிராளி தலைக்கு மேலே தூக்கிப் போட்டபோது, வடை எடுக்கப் போன கை அப்படியே நின்றது. மாஸ்டர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "சார், மெட்ராஸ் டீம்னு போட்டிருக்கானே, இதுல நம்ம ஆளு யாரு?" நான் திரையைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன், திரும்பவும் திரையைப் பார்த்தேன். "நாமதான் மாஸ்டர், பார்க்கிறோமே" என்றேன். "அது சரி" என்று சொல்லிவிட்டு மறுபடி ஆற்றத் தொடங்கினார். ஊர்ப் பெயரை மட்டும் இரவல் வாங்கி ஊர்க்காரனுக்கு ஒரு தொந்தரவும் தராத உன் நாகரிகம் அவருக்குப் புரிந்துவிட்டது.

இனி உன் துணிச்சல். அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் இது தன் அங்கீகாரம் இல்லாத போட்டி என்று சொல்லிவிட்டது. உலகத்தில் ஃபுட்சாலுக்கு இரண்டு வீடு: ஒன்று ஃபிஃபா, இன்னொன்று பராகுவேயைத் தலைமையிடமாகக் கொண்ட சங்கம். உன் போட்டியை நடத்தியவர்கள் இரண்டாவது வீட்டு வாசலில் நின்று ஆசி வாங்கினார்கள். முச்சந்திப் பிள்ளையாரை விட்டுவிட்டு அடுத்த தெருச் சாமிக்குத் தேங்காய் உடைத்த கதை. அந்தச் சம்மேளனப் பிள்ளையாரும் லேசுப்பட்டவர் இல்லை; தானாக ஒரு ஃபுட்சால் கிளப் போட்டி நடத்த அவருக்கு 2021 வரை ஆனது. நீங்கள் கும்பிடாமல் ஓடினீர்கள், அவர் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். நல்ல பொருத்தம்!

ஜூலை 24-இல் கோவாவில் முதல் பருவம் முடிந்தது. இழுத்தடிக்கும் குணம் உங்களுக்குக் கிடையாது. ஒரே ஆட்டத்தில் ஐந்து கோல் போட்ட ரொனால்டினோவே இரண்டு ஆட்டத்தோடு விடைபெற்றுக்கொண்டார். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்ற நம் பழமொழியை பிரேசில்காரருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ. 2017-இல் அணிப் பெயர்களையெல்லாம் மாற்றி, மும்பை, பெங்களூர், துபாய் நகரங்களில் இரண்டாம் பருவம் நடத்தினார்கள். பிறந்த சென்னையை அந்தப் பட்டியலில் சேர்க்காமல், பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டது துறவு அல்லாமல் வேறென்ன? மூன்றாம் பருவம் வரவேயில்லை. பற்றறுத்தவர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை.

பெரியமேட்டிலிருந்து வியாசர்பாடி எவ்வளவு தூரம்? கூப்பிடு தூரத்தைவிடச் சற்று அதிகம். மினி பிரேசில் என்று பெயர் வாங்கும் அளவுக்குக் கால்பந்துப் பித்துப் பிடித்த பேட்டை. அசல் பிரேசிலின் அசல் ஃபுட்சால் மன்னர் ஃபல்காவோ இத்தனை பக்கத்தில் வந்து போனார். அதே ஆண்டு செப்டம்பரில் கொலம்பியாவில் பிரேசில் ஃபுட்சால் உலகக் கோப்பையிலிருந்து வெளியேறியபோது, வென்ற ஈரான் வீரர்களே அவரைத் தூக்கிப் போட்டுக் கொண்டாடினார்கள். தோற்கடித்தவனுக்கும் அவர் அருமை தெரிந்தது. அந்த அருமையை ஒரு சின்னத் தரையாக, ஒரு பயிற்சிப் பள்ளியாக இங்கே ஊன்றிவிட்டால் பையன்கள் தினம் ஆடி, செருப்பைத் தேய்த்து, பெற்றவர்களிடம் திட்டு வாங்குவார்களே என்று நீ யோசித்திருப்பாய். உன் கருணைக்கு அளவில்லை.

எங்கள் தெருவில் சாயங்காலம் ஐந்தைந்து பேராகத்தான் ஆடுகிறார்கள். கோல் கம்பத்துக்குப் பதில் இரண்டு ஜோடி செருப்பு. பந்தில் பாதி காற்று இறங்கியிருப்பதால் அதுவும் அதிகம் துள்ளுவதில்லை. செரியானி பார்த்தால் சந்தோஷப்படுவார். "சென்னை ஃபைவ்ஸ் தெரியுமாடா?" என்று கேட்டேன். "அது என்னா சார், பிஸ்கட்டா?" என்றான் ஒருவன்.

ஈசனுக்குக்கூட இந்தத் திறமை இல்லை. அச்சு முறிந்த இடத்தில் ஒரு ஊர்ப் பெயரையும் ஒரு கோயிலையும் விட்டுவிட்டுத்தான் அவரால் போக முடிந்தது. முறிந்த சத்தம்கூடக் கேட்காமல் போன தேரே, நீ வாழ்க!